காதல் மர்மக் கதைக்குக் குறுக்க வருதா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் மேடம்,

நான் பெரிய வாசகி எல்லாம் கிடையாது. தஞ்சாவூர்ல இருந்து திருச்சிக்கு தினமும் ட்ரெயின்ல வேலைக்குப் போய்ட்டு வர்றேன், அந்த நேரத்துல ஃபோன்ல படிக்கிறதுதான் என் வாசிப்பு. அப்பா வாங்கி அடுக்கி வச்சிருந்த மாத நாவல்கள்ல பரத் சுசீலா, விவேக் ரூபலா, கணேஷ் வசந்த்னு துப்பறியும் ஜோடிகளைப் படிச்சு வளர்ந்தவ, அதனால மர்மக் கதைன்னா எனக்கு உயிர். ஆனா பொறுமை கம்மி. பத்து பக்கத்துக்குள்ள ஒரு பிணம் விழணும், யார் யாரெல்லாம் பொய் சொல்றாங்கன்னு தெரியணும், ரொம்ப டென்ஷன் ஆனா நேரா கடைசி அத்தியாயத்துக்குப் போய் பார்த்துட்டு வந்துதான் மிச்சத்தைப் படிப்பேன்.

இந்த ரொமான்டிக் சஸ்பென்ஸ்னு சொல்றாங்களே, அதுதான் எனக்கு ஒத்துக்கவே இல்ல. ஃப்ரெண்ட் ஒருத்தி சொன்னான்னு சிலது படிச்சேன். எல்லாத்துலயும் ஒரு பெரிய பங்களா, அங்க வந்து சேர்ற ஒரு பாவப்பட்ட பொண்ணு, எதையோ மறைக்கிற ஒரு பணக்காரன். இவன்தான் கொலைகாரனோன்னு பயப்படுறா, அடுத்த பாராவுலயே அவன் கண்ணு எப்படி இருக்குன்னு வர்ணிக்கிறா! மூளை எங்க போச்சு?

நீங்க அடிக்கடி சொல்ற, டஃப்னி டு மாரியே எழுதின 'ரெபேக்கா' நாவலையும் எடுத்தேன். நூறு பக்கம் ஒண்ணுமே நடக்கல. அப்புறம் ஒருவழியா சூடு பிடிச்சு, புருஷன் 'என் முதல் மனைவியை நான்தான் கொன்னேன்'னு சொல்றான், இந்தப் பொண்ணு மனசுக்குள்ள சந்தோஷப்படுறா! கோவத்துல மூடி வச்சுட்டேன். அப்புறம் பழைய ஹிட்ச்காக் படத்தைப் பார்த்தா, அதுல அவன் கொலையே பண்ணல, அது விபத்துன்னு வருது. எதுதான் சரி? மர்மக் கதைன்னா மர்மத்தை மட்டும் சொன்னா போதாதா, காதலை ஏன் குறுக்க கொண்டு வரணும்?

பேர் போட வேண்டாம்.
ஒரு வாசகி, தஞ்சாவூர்

*

வணக்கம்ங்க,

உங்க கடிதத்தை முழுசா போட்டிருக்கேன், ஏன்னா இதே கேள்வி இன்னும் நிறைய பேருக்கு இருக்கும்னு எனக்குத் தெரியும். 'ரெபேக்கா' படிக்காதவங்க இதோட நிறுத்திட்டுப் போய் படிச்சுட்டு வாங்க, நான் அதோட முடிவு வரைக்கும் பேசப் போறேன்.

முதல்ல ஒண்ணு, உங்க புகார் உங்களுக்கு மட்டும் வந்தது இல்ல. 1928லயே எஸ்.எஸ். வான் டைன்ங்கிற அமெரிக்க எழுத்தாளர் துப்பறியும் கதைக்கு இருபது விதி எழுதினார், அதுல மூணாவது விதியே காதல் கூடாதுங்கிறதுதான், குற்றவாளியை கோர்ட்டுக்குக் கொண்டு வர்றதுதான் வேலை, கல்யாணம் பண்ணி வைக்கிறது இல்லன்னு. அதே வருஷம் இங்கிலாந்துல துப்பறியும் கதை எழுதின டாரதி சேயர்ஸும் கிட்டத்தட்ட அதைத்தான் எழுதினாங்க, கதைக்குக் காதல் ஒரு கால்கட்டு மாதிரின்னு. ஆனா அவங்களே ரெண்டு வருஷம் கழிச்சு, 1930ல, காதலனுக்கு ஆர்சனிக் விஷம் குடுத்து கொன்னான்னு குற்றம் சாட்டப்பட்ட ஹாரியட் வேன்ங்கிற பொண்ணை குற்றவாளிக் கூண்டுல நிக்க வச்சு, துப்பறியும் பீட்டர் விம்சியை அவ மேல காதல்ல விழ வச்சாங்க. அவன் அவளைத் தூக்குல இருந்து காப்பாத்திடுறான், ஆனா அவ கல்யாணத்துக்கு முடியாதுன்னுடுறா. உயிரைக் காப்பாத்தினவனுக்கு நன்றிக்கடன்பட்டவளா நின்னுக்கிட்டு அவனை எப்படி சமமா காதலிக்கிறதுங்கிறது அவ பிரச்சனை, அது தீர 1935 வரைக்கும் ஆச்சு. 1937ல வந்த அடுத்த நாவலுக்கு சேயர்ஸ் வச்ச துணைத்தலைப்பு என்ன தெரியுமா, 'துப்பறியும் குறுக்கீடுகளோட ஒரு காதல் கதை'. எது எதுக்குக் குறுக்க வருதுங்கிறதையே அந்தம்மா திருப்பிப் போட்டுட்டாங்க.

நீங்க படிச்சு வளர்ந்த ஜோடிகளை எடுத்துக்கோங்க. சுசீலா டிஷர்ட்ல ஒரு வாசகம் இருக்கும், பரத் அதை வச்சு வம்பிழுப்பான், நமக்கு சிரிப்பு வரும். நான் அதை ரொம்ப ரசிச்சவ. ஆனா கவனிச்சுப் பாருங்க, ஆபத்து எப்பவும் வேற யார் வீட்டுலயோதான் இருக்கு. சுசீலாதான் கொலைகாரியோன்னு பரத் ஒரு நாளும் ராத்திரி தூங்காம யோசிச்சதில்ல. விவேக் வீட்டுக்கு வந்தா ரூபலா இருப்பா, கேஸைப் பத்திப் பேசுவாங்க, அது அவனுக்கு ஆறுதல். அங்க காதல்ங்கிறது கதை மூச்சு வாங்குற இடம், அதை எடுத்துட்டாலும் துப்பு எல்லாம் அப்படியே இருக்கும். நீங்க பழகினது அந்த வகை. அதை வச்சு 'ரெபேக்கா'கிட்ட போனா எரிச்சல்தான் வரும், ஏன்னா இங்க சந்தேகப்பட வேண்டிய ஆளோடதான் கதை சொல்ற அந்தப் பொண்ணு தினமும் உக்காந்து சாப்பிடணும்.

அவளுக்கு மூளை இல்லன்னு சொன்னீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கல்யாணமாகி புருஷன் மாக்ஸிம் டி விண்டரோட பங்களா மாண்டர்லிக்கு வந்த புதுசுல அவ தனியா ஒரு அறையில உக்காந்திருக்கா, வீட்டுக்குள்ளயே பேசிக்கிற ஃபோன் அடிக்குது, எடுத்தா 'மிஸஸ் டி விண்டர்?'னு ஒரு குரல், இவ பதறிப் போய் 'மிஸஸ் டி விண்டர் செத்துப் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே'ன்னு சொல்லிடுறா. சொன்னதுக்கு அப்புறம்தான் புரியுது, கூப்பிட்டது தன்னைத்தான், பேசினது வீட்டு நிர்வாகி மிஸஸ் டான்வர்ஸ்னு. இன்னொரு நாள் அதே அறையில ஒரு பீங்கான் பொம்மை கை தவறி உடைஞ்சிடுது, உடைஞ்ச துண்டையெல்லாம் ஒரு கவர்ல போட்டு டிராயருக்குள்ள பின்னாடி தள்ளி ஒளிச்சு வைக்கிறா, பழி ஒரு வேலைக்காரப் பையன் மேல விழுது. வீட்டுக்கு எஜமானி, செய்றது அடிக்குப் பயப்படுற வேலைக்காரக் குட்டி செய்றது! நீங்க 'ஒண்ணுமே நடக்கல'ன்னு சொன்ன பக்கங்கள்ல நடக்கிறது இதுதான், ஒரு பொண்ணு தன் பேர்லயே தான் இல்லாம போறது.

இப்ப இதைப் பாருங்க. நாய் ஓடுச்சேன்னு பின்னாடியே போய் அவ கடலோரம் இருக்கிற அந்தக் குடிசைக்குள்ள போய்ட்டு வர்றா, மாக்ஸிமுக்கு முகம் வெளுத்துப் போயி கோவம் வருது, அந்தப் பக்கம் போகாதேங்கிறான். அப்புறம் மாறுவேட விருந்துக்கு டான்வர்ஸ் பேச்சைக் கேட்டு சுவர்ல இருக்கிற பழைய ஓவியத்துல உள்ள மாதிரி வெள்ளை டிரெஸ் தைச்சுப் போட்டுக்கிட்டு, எல்லாரும் ஆச்சரியப்படுவாங்கன்னு ஆசையா மாடிப்படியில இறங்கி வர்றா, செத்துப் போன முதல் மனைவி ரெபேக்கா கடைசி விருந்துல போட்டிருந்ததும் அதே டிரெஸ், மாக்ஸிம் போய் மாத்திட்டு வான்னு கத்துறான். ஒவ்வொரு தடவையும் அவ எடுத்துக்கிற அர்த்தம் ஒண்ணே ஒண்ணு: இவர் இன்னும் செத்துப் போனவளை நினைச்சுத்தான் உருகிட்டு இருக்கார், என்னைப் பிடிக்கல. நாமளும் அதையேதான் நம்புறோம், ஏன்னா அவ கண்ணு வழியாத்தானே பார்க்கிறோம். அந்தக் குடிசையிலதான் அவன் ரெபேக்காவைச் சுட்டிருக்கான்னு தெரிய வந்த பிறகு திரும்பிப் பாருங்க, ஒரு துப்பைக்கூட ஆசிரியர் மறைக்கல, எல்லாம் நம்ம முன்னாடியே கிடந்திருக்கு. வெளுத்த முகம் வெளுத்த முகம்தான், துக்கம்னு நாம படிச்சது குற்ற உணர்ச்சி. பொறாமைதான் துப்பை மூடி வச்சிருந்துச்சு. இது டஃப்னி டு மாரியேயோட பெரிய வித்தைன்னு நான் நினைக்கிறேன், அவங்களே இந்த நாவலைக் காதல் கதைன்னு ஒத்துக்கிட்டதில்ல, பொறாமையைப் பத்தினதுன்னுதான் சொன்னாங்க. காதலை உருவிட்டா இங்க மர்மமே கிடையாது, முதல் நாளே எவனும் கண்டுபிடிச்சிருப்பான்.

அதனாலதான் நீங்க கோவப்பட்ட அந்த இடம் எனக்கு முக்கியம். 'நான் கொன்னேன்'னு அவன் சொல்றப்ப அவ காதுல விழுறது 'நான் ரெபேக்காவை காதலிக்கல'ங்கிறது மட்டும்தான். நிம்மதியாகுறா. ஒரு கொலையைக் கேட்டு நிம்மதியாகுற அளவுக்கு ஒரு நல்ல பொண்ணைக் கொண்டு வந்து நிறுத்திட்டாங்க, அதுவும் படிப்படியா, நாம கூடவே நடந்து வந்து, ஒரு கட்டத்துல அவன் மாட்டிக்கக் கூடாதேன்னு நாமளும் வேண்டிக்கிற மாதிரி. உங்களுக்கு வந்த கோவம் வர வேண்டிய கோவம். மூடி வச்சதுதான் எனக்கு வருத்தம், அதுக்கு அப்புறம்தான் கதை உங்க கோவத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பிக்குது, விசாரணை நடக்குது, லண்டன்ல ஒரு டாக்டர்கிட்ட இருந்து ரெபேக்காவைப் பத்தி வர்ற கடைசித் தகவல் எல்லாத்தையும் புரட்டிப் போடுது.

படத்துல ஏன் மாத்தினாங்கன்னு கேட்டீங்க. 1940ல ஹாலிவுட்ல ஒரு தயாரிப்பு நெறிமுறை இருந்துச்சு, பொண்டாட்டியைக் கொன்னவன் தண்டனை இல்லாம நிம்மதியா இருக்கிற மாதிரி காட்ட முடியாது. அதனால ரெபேக்கா தடுமாறி விழுந்து தலையில அடிபட்டு செத்ததா மாத்திட்டாங்க. அந்தப் படம் அந்த வருஷத்தோட சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்குச்சு, அந்தப் பொண்ணா நடிச்ச ஜோன் ஃபோன்டெய்ன் பயந்து பயந்து நிக்கிறதைப் பார்க்கவே இன்னொரு தடவை பார்ப்பேன், ஆனா கதையோட முதுகெலும்பை உருவிட்டாங்கங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல. விபத்துன்னா அவ தெரிஞ்சு மறைக்கிறதுக்குக் கொலைன்னு ஒண்ணே இல்ல, ஒரு அப்பாவிப் புருஷனைக் காப்பாத்துற நல்ல மனைவி, அவ்ளோதான். நாவல்தான் சரி.

இன்னொண்ணு, நீங்க கடைசி அத்தியாயத்தை முதல்ல படிக்கிறவங்க, இந்தப் புத்தகத்துல அது உதவாது. கடைசிப் பக்கத்துல வானம் செவந்து கிடக்கும், காத்துல சாம்பல் வரும், அவ்ளோதான். இவங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சுங்கிறது ரெண்டாவது அத்தியாயத்துலயே இருக்கு. ஏதோ ஒரு வெளிநாட்டு ஹோட்டல்ல, ஊர்ப் பேப்பர்ல கிரிக்கெட் ஸ்கோர் படிச்சுக்கிட்டு, பழசை ஞாபகப்படுத்துற எதையும் பேசாம, சரியான நேரத்துக்கு டீ குடிச்சுக்கிட்டு. கோர்ட் தண்டிக்கல, ஆனா அவங்க வாழ்றதைப் பாருங்க. முதல் தடவை படிக்கிறப்ப அதை எல்லாரும் முன்னுரைன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுறோம்.

ஒரு விஷயத்துல நான் முழுசா உங்க பக்கம். பங்களா, பாவப்பட்ட பொண்ணு, பணக்காரன்னு நீங்க சொன்ன அச்சுல 1960கள்ல அமெரிக்காவுல குவியல் குவியலா பாக்கெட் நாவல்கள் வந்துச்சு, அட்டையில எப்பவும் ராத்திரி நேரத்துல ஒரு பொண்ணு ஓடிட்டு இருப்பா, பின்னாடி ஒரு பெரிய வீடு, ஒரே ஒரு ஜன்னல்ல மட்டும் வெளிச்சம். அதுல நிறைய, இருநூறு பக்கம் அவன் மேல சந்தேகத்தை ஏத்திட்டு கடைசியில ஒரே பாராவுல 'அவன் நல்லவன்தான், ஒரு காரணமாத்தான் அப்படி நடந்துக்கிட்டான்'னு முடிச்சிடும். நாயகியும் ஒண்ணும் முடிவெடுக்க வேண்டியதில்ல, எழுத்தாளரே முடிச்சுக் குடுத்துடுவாங்க. அந்த மாதிரி புத்தகத்தை நீங்க தாராளமா பாதியில மூடலாம்.

தமிழ்லயும் கட்டிக்கிட்டவனையே சந்தேகப்படுற இந்தப் பயத்தை சரியா தொட்டது ஒண்ணு இருக்கு, 1954ல எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்'. பாட்டே இல்லாத படம்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதை விட எனக்கு முக்கியம் பண்டரிபாய் பண்ணின அந்த உஷா, ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்ட புருஷன் வேற ஆளா இருக்கானேன்னு அவளுக்கு உறைக்கிற இடங்கள். சுட்டது யாருங்கிறது தெரிஞ்சுட்டு திரும்பப் பார்த்தாலும் அந்த இடங்கள் அப்படியே நிக்குது. பார்க்கலைன்னா பாருங்க.

நீங்க கேட்ட மூளையுள்ள நாயகிக்கு மேரி ஸ்டூவர்ட் எழுதின 'நைன் கோச்சஸ் வெயிட்டிங்' எடுங்க, 1958ல வந்தது. லிண்டாங்கிற பொண்ணு பிரான்ஸ்ல மலைமேல இருக்கிற ஒரு பெரிய மாளிகைக்கு ஒன்பது வயசுப் பையனைப் பார்த்துக்கிற வேலைக்குப் போறா. இங்கிலீஷ் பொண்ணுதான் வேணும்னு கேட்டதால தனக்கு பிரெஞ்சு நல்லா வரும்ங்கிறதை மறைச்சுட்டுப் போறா, அதனால மத்தவங்க இவ இல்லாத மாதிரி பேசிக்கிறது இவ காதுல விழும், ஆரம்பத்துலயே அவ கையில ஒரு ஆயுதம். பங்களா இருக்கு, பணக்கார ரௌல் இருக்கான், அவன் மேல காதலும் வருது, நீங்க சலிச்சுக்கிட்ட எல்லாமே இருக்கு. ஆனா அந்தப் பையன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சதும், ரௌலும் அதுல கூட்டோன்னு அவளால உறுதியா சொல்ல முடியாதப்ப, அவ ரௌல்கிட்டகூட சொல்லாம பையனைக் கையில பிடிச்சுக்கிட்டு ராத்திரியில கிளம்பிடுறா. அவனைக் காதலிச்சுக்கிட்டே அவனை நம்பாம. மாண்டர்லியில அந்தப் பொண்ணு செஞ்சதுக்கு நேர் எதிர் இது, ரெண்டையும் அடுத்தடுத்து படிச்சா நான் சொல்ல வர்றது இன்னும் தெளிவா தெரியும்.

முதல்ல 'ரெபேக்கா'வை விட்ட இடத்துல இருந்து முடிங்க, முடிச்ச கையோட ரெண்டாவது அத்தியாயத்தை மறுபடி ஒரு தடவை படிங்க. அப்புறம் லிண்டாகிட்ட போங்க, ஆனா ஒரு கோரிக்கை, அதுல மட்டும் தயவுசெஞ்சு கடைசி அத்தியாயத்தை முன்னாடியே பார்த்துடாதீங்க. ரௌல் எப்படிப்பட்டவன்னு தெரியாமத்தான் அவ அந்தக் காட்டுக்குள்ள நடக்கிறா, நீங்களும் அப்படியே நடக்கணும்.

அன்புடன்.