பனிப்புயல் ஓய்ந்த மறுநாள் அபர்வத் உச்சிக்குப் போகலாமா?

கேள்வி: போன குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க்கில் இரண்டு வாரம் அடிப்படைப் பனிச்சறுக்குப் பயிற்சி முடித்தேன். இந்தப் பிப்ரவரியில் நண்பர்கள் மூன்று பேர் ஆறு நாள் பயணமாகப் போகிறோம். நாங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து மூன்று நாளில் 70 சென்டிமீட்டர் பனி விழும், நாலாம் நாள் நல்ல வெயில் என்று போனில் உள்ள வானிலை ஆப் காட்டுகிறது. ஜனவரியில் அங்கே பனியே விழவில்லையாம், டிசம்பரில் விழுந்த கொஞ்சம்தான் கிடக்கிறதாம். நாலாம் நாள் காலையில் ஓடும் முதல் கொண்டோலாவில் (கம்பிவடப் பெட்டி) ஏறி, குல்மார்க்குக்கு மேலே இருக்கும் அபர்வத் மலை உச்சியிலிருந்து புதுப்பனியில் இறங்கலாம் என்பது எங்கள் திட்டம். ஆப் சொல்லும் கணக்கை எவ்வளவு நம்பலாம்? (கோவை வாசகர்)

பதில்: நாலாம் நாள் காலையில் உச்சிக்குப் போகாதீர்கள். காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 'ஜனவரியில் பனி விழவில்லை, டிசம்பர் பனி கொஞ்சம் கிடக்கிறது' என்ற வரியைப் படித்ததும்தான் எனக்குக் கவலை வந்தது. அதை விளக்குவதற்கு முன்னால் ஆப் கணக்கைப் பார்த்துவிடலாம், நீங்கள் கேட்டது அதைத்தானே.

70 சென்டிமீட்டர் என்றால் எந்த உயரத்தில்? குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டோலாவின் முதல் கட்டம் முடியும் கொங்டூரி சுமார் 3,100 மீட்டர். இரண்டாம் கட்டம் உங்களைக் கொண்டுபோய் விடும் அபர்வத் தோள்பட்டை கிட்டத்தட்ட 3,950 மீட்டர். பெரும்பாலான ஆப்கள் உலகளாவிய கணினி மாதிரிகளிலிருந்து எண்ணை எடுக்கின்றன. அந்த மாதிரிகள் பூமியை 9 கிலோமீட்டர், 25 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே சராசரி உயரத்தை வைத்துக்கொள்ளும். கீழே தங்மார்க் ஊர், நடுவில் குல்மார்க், மேலே அபர்வத் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடலாம். அதனால் ஆப்பில் இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். உயரமே போடாத ஆப்பை மலைக்கு நம்ப வேண்டாம்.

உயரம் தெரிந்துவிட்டால் மீதியை நீங்களே கணக்குப் போடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். குல்மார்க்கில் 0 டிகிரி என்றால் உச்சியில் மைனஸ் 8 அளவில் இருக்கும். ஒரே மேகம் கீழே ஈரப்பனியையும் மேலே பொடிப்பனியையும் கொட்டும். ஆகவே சென்டிமீட்டரை விட்டுவிட்டு, ஆப்பில் மில்லிமீட்டரில் தண்ணீர் அளவு இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் தோராயமாக ஒரு சென்டிமீட்டர் பனி. நல்ல குளிரில் அதுவே ஒன்றரை சென்டிமீட்டராகப் பொங்கும். 0 டிகிரியை ஒட்டினால் அரை சென்டிமீட்டர் சொதசொதப்பாகப் படியும். 50 மில்லிமீட்டர் என்ற ஒரே எண் குல்மார்க்கில் முழங்கால் அளவுக்குக் குறைவான கனத்த பனியாகவும், உச்சியில் இடுப்பை நெருங்கும் பொடியாகவும் ஆவது இப்படித்தான்.

அப்புறம், எத்தனை நாள் முன்னால் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். காஷ்மீருக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு என்ற தாழ்வழுத்த அமைப்பு. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, மேல்வானத்து மேலைக் காற்றோடு நகர்ந்து, வழியில் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு வந்து பீர் பஞ்சால் மலையில் மோதி மேலேறிக் கொட்டும். வங்கக் கடல் தாழ்வு மண்டலத்தைப் பற்றி நம் ஊரில் எப்படிச் செய்தி மாறிக்கொண்டே வருமோ, அதே கதைதான். ஒரு வாரம் முன்னால் 'ஏதோ வருகிறது' என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மூன்று நாள் இருக்கும்போதுதான் அளவைப் பற்றிப் பேச முடியும். ஒரே ஆப்பைக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்து வையுங்கள். 70, 30, 90 என்று எண் குதித்தால் மாதிரிக்கே இன்னும் பிடி கிடைக்கவில்லை என்று பொருள். 60, 70, 65 என்று நின்றால் நம்பலாம்.

இதோடு ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிக்கையையும் படியுங்கள். 'ஓரிரு இடங்களில்', 'ஒருசில இடங்களில்', 'அநேக இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்று நம் மழைச் செய்தியில் கேட்டுப் பழகிய படிநிலைகள்தான் அங்கேயும். பெரும்பாலான இடங்களில் கனத்த பனி என்று வந்தால், தங்மார்க்கிலிருந்து மேலே ஏறும் 13 கிலோமீட்டர் சாலையில் டயருக்குச் சங்கிலி போடாமல் வண்டி போகாது.

சரி, ஜனவரிக்கு வருவோம்.

டிசம்பர் 21 தொடங்கி ஜனவரி கடைசி வரை நாற்பது நாளைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள், பெருங்குளிர்க் காலம். அந்த நாட்களில் வானம் தெளிந்து கிடந்தால் இரவுக் குளிர் மிகக் கடுமையாக இறங்கும். கொஞ்சம் பனி தரையில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் மண் கிட்டத்தட்ட 0 டிகிரி. மேலே காற்று மைனஸ் 15. இடையில் இருப்பது முப்பது, நாற்பது சென்டிமீட்டர் பனி மட்டும். அடியிலிருந்து நீராவி மேலே ஏறிக்கொண்டே இருக்கும், பனித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை விட்டு முனை முனையாகத் தனித்தனிப் படிகமாக மாறிவிடும். பார்வைக்குப் பனி அப்படியே இருக்கும், உள்ளே ஒட்டுதல் போயிருக்கும்.

இதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் மறக்காது. ஒரு பிப்ரவரியில் கொங்டூரிக்கு மேலே ஒரு மாணவரோடு நின்று, சிறிய மண்வெட்டியால் பனியைத் தரை வரை வெட்டினேன். மேலே அறுபது சென்டிமீட்டர் புதுப்பனி, வெட்டிய பக்கம் கேக் மாதிரி நேராக நின்றது. அடியில் ஒரு சாண் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். விரலை விட்டதும் ரவை மூட்டையில் ஓட்டை விழுந்த மாதிரி கொட்டியது. உருண்டை பிடிக்கச் சொன்னேன். அவர் மூன்று தடவை பிடித்தார், மூன்று தடவையும் கையுறை இடுக்கில் வழிந்தது. பிறகு முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் தூணாக வெட்டி நிறுத்தி, மேலே மண்வெட்டியை வைத்து மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டினேன். நாலாவது தட்டில் மேலடுக்கு முழுதும் ஒரே பலகையாகச் சறுக்கி என் முழங்காலில் வந்து விழுந்தது. நாங்கள் வந்த வழியே திரும்பினோம்.

உங்கள் 70 சென்டிமீட்டர் விழப்போவது அந்த ரவையின் மேல். சாதாரணமாகப் புதுப்பனி தன் எடையால் அமுங்கி ஓரிரண்டு நாளில் கெட்டிப்படும். அடியில் இந்தப் படலம் இருந்தால் ஆபத்து வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் புல்லாகக் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிப்ரவரியில் பெரும்பனி கொட்டியது. பிப்ரவரி 22 அன்று திறந்துவிட்ட பாதைகளைத் தாண்டி வெளிச் சரிவில் போன குழுவைப் பனிச்சரிவு அடித்து ஒரு ரஷ்யர் இறந்தார், மற்றவர்களை மீட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள்.

அடுத்தது காற்று. ஆப்பில் பனி அளவுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் காற்று வேகத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. மணிக்கு 25, 30 கிலோமீட்டரைத் தாண்டினால் காற்று பொடிப்பனியை அள்ளி முகட்டின் மறுபக்கம் கொட்டும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகத்தில் அங்கே பனி சேரும். புயல் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. அபர்வத்தின் குல்மார்க் பார்த்த சரிவுகள் பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கு முகம். அதாவது நீங்கள் இறங்க நினைக்கும் பக்கம்தான் காற்று கொண்டுவந்து குவிக்கும் பக்கம். ஆப் 70 என்றால் அங்கே சில இடங்களில் ஒன்றரை மீட்டர் பலகைபோல் இறுகி நிற்கலாம். கால் வைத்தால் மத்தளம் மாதிரி ஒலிக்கும் பனி அது.

புயல் முடிந்த முதல் வெயில் நாள் ஏன் இத்தனை ஆபத்து என்று இப்போது புரிந்திருக்கும். பாரம் அப்போதுதான் ஏறி முடிந்திருக்கிறது, மலை இன்னும் அமரவில்லை, நீல வானம் எல்லோரையும் மேலே கூப்பிடுகிறது. பனிச்சரிவில் சிக்குபவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதைத் தாங்களோ தங்கள் குழுவினரோதான் கிளப்பிவிடுகிறார்கள். 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் இது பெரும்பாலும் நடக்கும், பனிச்சறுக்குக்காரர்களுக்குப் பிடித்த சாய்வும் அதுதான். தட்டையான இடம் என்பதாலும் தப்பிவிட முடியாது. அபர்வத்தின் அடியில் இருக்கும் கிலன்மார்க் அழகான புல்வெளி. 2010 பிப்ரவரி 8 அன்று அங்கே பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் பதினைந்து பேருக்கு மேல் பனிச்சரிவில் இறந்தார்கள்.

பனிச்சரிவு எச்சரிக்கையைச் சண்டிகரில் உள்ள டிஆர்டிஓவின் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டவாரியாக வெளியிடுகிறது. மணாலியில் தொடங்கிய பனி ஆய்வு நிறுவனத்தை இன்னொரு ஆய்வகத்தோடு இணைத்து 2020-ல் உருவானது இது. குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில் வருகிறது. எத்தனை மீட்டருக்கு மேல் என்ற உயரத்தையும் சேர்த்துப் படியுங்கள். 'நடுத்தர ஆபத்து' என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். உலக அளவில் ஐந்து படி அளவுகோலில் நடுப்படியான மூன்றில்தான் அதிகம் பேர் இறக்கிறார்கள், நாலு ஐந்தில் பயந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

உங்கள் ஆறு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். பனி கொட்டும் முதல் மூன்று நாளும் அறையில் முடங்க வேண்டாம். குல்மார்க் கோல்ஃப் மைதானப் பக்கத்துச் சரிவுகளில் போன வருடம் கற்றதை மீட்டெடுங்கள், இரண்டு வாரப் பயிற்சிக்காரருக்கு அதுவே நிறைய வேலை. பலத்த காற்றிலும் பனியிலும் கொண்டோலா இரண்டாம் கட்டத்தை எப்படியும் மூடிவிடுவார்கள். மரங்களுக்கு நடுவே போனால் தனியாகப் போகாதீர்கள், பெரிய மரத்தின் அடிக்கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் குழியாக இருக்கும். நாலாம் நாள் கொங்டூரி வரை, சரிவுகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரோந்துக் குழு திறந்துவிட்ட பாதையில் மட்டும். ஐந்தாம், ஆறாம் நாள் இரண்டாம் கட்டம் திறந்தால், காலையில் ரோந்துக் குழுவிடம் நேரில் கேளுங்கள்: எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, நேற்று எங்காவது சரிந்ததா, அடியில் பழைய படலம் எப்படி இருக்கிறது. கொண்டோலா ஓடுகிறது என்பதால் மலை முழுதும் பாதுகாப்பு என்று ஆகாது. பாதையின் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் யாரும் எதையும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் மேலே போய்ச் சிகரங்களைப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் இறங்கி வாருங்கள்.

எங்கே நின்றாலும் கவனிக்க வேண்டியவை மூன்று. காலடியில் 'தொம்' என்று பனி அடங்கும் சத்தம், சறுக்குப் பலகை முனையிலிருந்து பனியில் ஓடும் விரிசல், எதிர்ச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம். ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான். வெளிச் சரிவுக்கு என்றாவது போவதென்றால் உள்ளூர் வழிகாட்டியோடு, ஒவ்வொருவரிடமும் புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சமிக்ஞைக் கருவி, பனியில் குத்திப் பார்க்கும் தேடுகோல், மண்வெட்டி இருக்க வேண்டும். புதைந்தவரை எடுக்க நல்ல வாய்ப்புள்ள நேரம் முதல் பத்து, பதினைந்து நிமிடம். அதற்குள் தோண்டப்போவது பக்கத்தில் நிற்கும் நண்பர்தான், ஆகவே மூவரும் ஊரிலேயே பயிற்சி செய்துவிட்டு வாருங்கள்.

ஒரு சின்ன விஷயம். புயல் நேரத்தில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவது சகஜம். நீங்கள் இறங்கும் நாளிலேயே பனி தொடங்குகிறது என்பதால், முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.