மூக்கில் வடிவது சளியா, மூளை நீரா?

கேள்வி: பைக்கில் இருந்து விழுந்ததில் என் கணவருக்குத் தலையில் அடிபட்டது. அதிலிருந்து, குனிந்தாலே ஒரு பக்க மூக்கில் தண்ணீராகச் சொட்டுகிறது. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பை வைத்துப் பார்த்துவிட்டு, மூளை நீர் இல்லை என்கிறார்கள். நம்பலாமா? (வாசகி ஒருவர்)

பதில்: அதை மட்டும் வைத்து நம்பாதீர்கள் அம்மா. மூளையைச் சுற்றி இருக்கும் மூளை நீரில் சர்க்கரை உண்டு என்பதால்தான் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் கண்ணீரிலும் மூக்கு நீரிலும்கூடச் சர்க்கரை இருக்கலாம், மூளைக்காய்ச்சல் வந்தவருக்கு மூளை நீரிலேயே சர்க்கரை குறைந்துவிடும், அதனால் அந்த ஸ்ட்ரிப் இரண்டு பக்கமும் ஏமாற்றும். கேட்க வேண்டியது பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனை. இந்தப் புரதம் மூளை நீரில் உண்டு, கண்ணுக்குள்ளும் உள்காதிலும் இருக்கும் நீரிலும் உண்டு, ஆனால் சாதாரணச் சளியில் இருக்காது. 1979-லேயே கண்டுபிடித்த வழி இது, இன்னமும் ஸ்ட்ரிப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்கு வருத்தம்தான்.

டிஷ்யூவில் துடைத்துக் கொடுக்காதீர்கள், குனிந்து உட்காரச் சொல்லி, சொட்டுவதை லேப் தரும் சுத்தமான குப்பியில் பிடியுங்கள். பெரும்பாலும் 1 மில்லி போதும். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். கூடவே ரத்தமும் கேட்டால் கொடுங்கள், சிலருடைய ரத்தத்திலேயே இந்தப் புரதத்தின் வேறு வகை இருந்து முடிவைக் குழப்பும். பீட்டா டிரேஸ் புரோட்டீன் என்று இன்னொரு சோதனை சீக்கிரம் முடியும், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது சரிவராது.

பாசிட்டிவ் என்றால், மூளை நீர் கசியும் ஓட்டை மண்டையோட்டில் எங்கே என்று சிடி ஸ்கேனில் தேடுவார்கள். அதுவரை அவர் மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம். காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, இதில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.