மாயப் போர்வை: மச்சான் சொன்னது சரியா?

கேள்வி: போர்த்திக்கொண்டால் ஆளே தெரியாமல் போகும் துணியைக் கண்டுபிடித்துவிட்டதாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சீன வீடியோ சுற்றுகிறது. சுத்தப் புளுகு என்கிறார் என் மச்சான். ஆனால் 2006லேயே அமெரிக்காவில் இதைச் செய்துவிட்டார்கள் என்று நான் படித்திருக்கிறேன். யார் சொல்வது சரி? அப்படி ஒரு போர்வை உங்கள் கைக்குக் கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள்?
(ஒரு வாசகர், தேனி)

பதில்: வீடியோ விஷயத்தில் மச்சான் சரி, 2006 விஷயத்தில் நீங்கள் சரி. ஆனால் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

செடிகொடிகளுக்கு முன்னால் ஒருவர் துணியை விரித்துப் பிடிக்க, ஆள் காணாமல் போகும் அந்த வீடியோ 2017 டிசம்பரில் கிளம்பியது. 'குவாண்டம்' என்று பெயர் வேறு வைத்தார்கள். ஒரே நிறத்தில் ஒரு துணி, எடிட்டிங் சாஃப்ட்வேர், அவ்வளவுதான். டிவியில் வானிலை சொல்பவருக்குப் பின்னால் மேப் வருவதும் இதே வித்தைதான். அவரை யாரும் சித்தர் என்று சொல்வதில்லை.

சரி, 2006க்கு வருவோம். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பென்ட்ரி கணக்குப் போட்டுக் கொடுத்தார். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித்தின் குழு அதைச் செய்து பார்த்தது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்து வளையங்கள். ஒவ்வொன்றும் சர்க்யூட் போர்டில் செப்புக் கோலங்கள் பொறித்தது. நடுவில் ஒரு செப்பு உருளை. வந்த அலைகள் உருளையில் முட்டாமல் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் மறுபடி ஒன்றுசேர்ந்தன. முழுதாக மறையவில்லை, கொஞ்சம் நிழல் விழுந்தது. ஆனாலும் பெரிய சாதனைதான்.

செய்திகள் அமுக்கி வாசித்த விஷயம் ஒன்று உண்டு. அங்கே வந்தது வெளிச்சம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத மைக்ரோவேவ் அலை. பக்கத்தில் நின்றவர்கள் கண்ணுக்கு உருளையும் வளையங்களும் பளிச்சென்று தெரிந்துகொண்டேதான் இருந்தன!

மைக்ரோவேவில் முடிந்தது வெளிச்சத்தில் ஏன் முடியாது என்று கேட்பீர்கள். அந்தக் கோலங்கள் அலையின் நீளத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட அலை மூன்றரை சென்டிமீட்டர் அளவு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலை அதைவிட ஐம்பதாயிரம் மடங்கு சிறியது. அந்த அளவில் கோலம் போடவும் ஆள் இருக்கிறார்கள். 2015இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கும் பெர்க்லியில் 80 நானோமீட்டர் தடிமனில் ஒரு பொன் தோல் செய்து ஒரு பொருளை மறைத்தார்கள். மறைந்த பொருளின் அகலம் 36 மைக்ரான். ஒரு தலைமுடி அளவுகூடத் தேறாது. அதுவும் ஒரே ஒரு சிவப்பு ஒளியில்.

இந்த 'ஒரே நிறம்' என்பதுதான் ஆளைக் கவிழ்க்கும் இடம். நேர் ரோட்டில் ஒரு பஸ், பைபாஸில் ஊரைச் சுற்றிக்கொண்டு இன்னொரு பஸ். இரண்டும் ஒரே நிமிஷத்தில் ஸ்டாண்டுக்குள் நுழைய வேண்டும் என்றால் சுற்றி வருவது வேகமாக ஓட்டியாக வேண்டும். போர்வையைச் சுற்றி வரும் ஒளிக்கும் அதே நிபந்தனை. ஆனால் காற்றில் போகும் ஒளியோ ஏற்கெனவே உச்ச வேகத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. ஏதோ ஒரு நிறத்துக்கு மட்டும் அலையின் மேடுபள்ளங்களைச் சரிக்கட்டி ஏமாற்றலாம். சிவப்பிலிருந்து ஊதா வரை எல்லா நிறத்துக்கும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும், ஆள் உயரத்துக்கு? என் கணக்கில் அது நடக்காது. சிவப்பில் மறைந்தவர் பச்சையில் மாட்டிக்கொள்வார்.

உங்கள் ஆசை அதோடு அடங்காது என்றால் ஒரு பெரிய கண்ணாடி டம்ளரில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றுங்கள். லேபில் புழங்கும் போரோசிலிகேட் டெஸ்ட் ட்யூப் ஒன்றை அதில் இறக்குங்கள். காலியாக இருக்கும்வரை ட்யூப் தெரியும். அதற்குள்ளும் எண்ணெயை ஊற்றினால், எண்ணெய் ஏற ஏற ட்யூப் கீழிருந்து கரைந்துகொண்டே வரும். கடைசியில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வாய் மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளைகிறது என்று சொல்வதுதான் ஒளிவிலகல் எண். இந்தக் கண்ணாடிக்கும் எண்ணெய்க்கும் அது கிட்டத்தட்ட ஒரே அளவு, 1.47. ஒளிக்கு எது எண்ணெய், எது கண்ணாடி என்று பிரித்துப் பார்க்கவே தெரிவதில்லை. டீக்கடை கிளாஸுக்கு இது 1.52 பக்கம் போய்விடும், விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் வீட்டு அடுப்படியில் இதைச் செய்து காட்டினேன். எண்ணெய் விற்கிற விலையில் இது தேவையா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். போர்வை பக்காவாக வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எல்லா ஒளியும் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. அப்புறம் என் கண்ணுக்குள் எந்த ஒளி வரும்? போர்வைக்குள் கும்மிருட்டு. ஆகவே முதலில் நான் செய்யப்போவது இதுதான்: போர்த்திக்கொண்டு நாலு அடி நடந்து, இந்த ஆபீஸ் மேஜையில் முட்டியை இடித்துக்கொண்டு, "யாராவது இதைக் கழற்றுங்களய்யா" என்று கத்துவேன்.