ஏரி நீர் மாறும்போது மிதவை உயிரிகள் எப்படி மாறுகின்றன? கேள்வி பதில்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஓர் ஏரியில், நீரில் மிதக்கும் பாசி எவ்வளவு என்று காட்டும் குளோரோஃபில் அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏரி நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா மேடம்?

பதில்: வேண்டாம். மொத்த அளவு மிகத் தாமதமாகத்தான் அசையும். தாக்குப்பிடிக்க முடியாத இனம் ஒன்று ஒதுங்கினால், அதன் வெளிச்சத்தையும் சத்தையும் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். கூட்டிப் பார்த்தால் பழைய எண்ணே வரும். கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள ஏரி 223இல் 1976 முதல் ஆய்வுக்காகவே கந்தக அமிலம் சேர்த்து, 6.8 அளவில் இருந்த பிஹெச்சை (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) சில ஆண்டுகளில் 5 வரை இறக்கினார்கள். பாசியின் உற்பத்தி குறையவே இல்லை. ஆனால் பிஹெச் 6க்குச் சற்றுக் கீழே போனதுமே, மைசிஸ் என்ற இறால் போன்ற சிற்றுயிர் அழியத் தொடங்கியது. ஒரு சிறு மீன் இனத்தில் குஞ்சுகளே வரவில்லை. குளோரோஃபிலை மட்டும் அளந்தவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. பாசியிலும் நீரில் மிதக்கும் சிறு விலங்குகளிலும் எந்த இனம் இருக்கிறது, எந்த உருவ அளவில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் முதலில் எதை எண்ணுவது?

பதில்: நேரமோ ஆளோ குறைவு என்றால் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளிலிருந்து தொடங்குங்கள். பாசியை வடிகட்டித் தின்பதும் அதுதான், மீனுக்கு இரையாவதும் அதுதான். பூச்சிக்கொல்லி, அமிலம், உப்பு எல்லாவற்றுக்கும் எளிதில் அடிபடுவதும் அதுதான். அது குறைந்த இடத்தில் பாஸ்மினா போன்ற சிறிய இனங்களும் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய விலங்குகளும் பெருகும்.

கேள்வி: மீன் அதிகமானாலும் பெரிய டாஃப்னியா மறைந்துவிடுமே. நஞ்சா, மீனா என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: இந்த இடத்தில்தான் பலரும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். உருவம் சிறுத்ததை மட்டும் வைத்துக் காரணம் சொல்ல முடியாது. சினைப்பையைத் திறந்து முட்டைகளை எண்ணுங்கள். பெரியவற்றை மீன் தின்றிருந்தால், மிஞ்சியவற்றுக்கு உணவுப் போட்டி குறையும். அவை சிறிய உருவத்திலேயே முதிர்ந்து, பை நிறைய முட்டை சுமக்கும். பசியாலோ நஞ்சாலோ அடிபட்டவற்றில் முட்டை குறைவாக இருக்கும், அல்லது சிதைந்திருக்கும். பசியையும் நஞ்சையும் பிரிக்க, கூடவே பாசியைப் பாருங்கள்: தின்னத்தக்க சிறு பாசி நிறைய இருந்தும் முட்டை இல்லை என்றால் சந்தேகம் நஞ்சின் பக்கம் போக வேண்டும்.

கால்சியத்தை மறந்துவிடாதீர்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல டாஃப்னியா இனங்களால் புதிய ஓடு கட்ட முடியாது. அந்த இடத்துக்கு ஹோலோபீடியம் என்ற இன்னொரு சிற்றுயிர் வரும். அதற்குக் கால்சியம் கொஞ்சம் போதும், உடலைச் சுற்றிக் கூழ் போன்ற உறையும் உண்டு. வலை கூழாக வழுவழுத்து வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 20 மைக்ரான் துளையுள்ள வலை வைத்திருக்கிறேன். பாசி எண்ண அது போதுமா?

பதில்: என்னென்ன இனம் என்று பார்க்கப் போதும், எண்ணிக்கைக்கு உதவாது. 20 மைக்ரானை விடச் சிறிய பாசிகள் நழுவிவிடும், சூழல் மாறும்போது பெரும்பாலும் அவைதான் பெருகுகின்றன. எண்ணுவதற்கு முழு நீரைப் புட்டியில் எடுங்கள். 100 மில்லி நீருக்கு 1 மில்லி வரை லூகால் அயோடின் (செல்களைப் பதப்படுத்தும் கரைசல்) விட்டால் இளம்பழுப்பு நிறம் வரும். இருட்டில் வையுங்கள். நிறம் வெளுத்தால் மறுபடி சில சொட்டு விடுங்கள், விடாமல் போனால் செல்கள் அழுகும். படிவுக் குழாயில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 4 மணி நேரம் என்று கணக்கிட்டு அசைக்காமல் வைத்துவிட்டு, அடியிலிருந்து பார்க்கும் தலைகீழ் நுண்ணோக்கியில் எண்ணுங்கள். 100 எண்ணினால் பிழை ஏறத்தாழ 20 விழுக்காடு, 400 எண்ணினால் 10. அரிய இனத்துக்காக மணிக்கணக்கில் உட்காருவதைவிட, முக்கிய இனங்களை 400 வரை எண்ணுவது மேல்.

டாஃப்னியா போன்ற விலங்கு மிதவைகளுக்கு வலை சரி. 30 செ.மீ. விட்டமுள்ள வாய் கொண்ட வலையை 5 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுத்தால் கணக்குப்படி 353 லிட்டர் வடிகட்டியிருக்க வேண்டும். பாசி அடைத்துவிட்டால் நீர் வாயிலேயே வழிந்து வெளியே போகும், உண்மையில் வடிந்தது இதைவிட மிகக் குறைவு. பாசி மண்டிய காலத்தில் ‘விலங்கு மிதவை சரிந்துவிட்டது’ என்று எழுதுவதற்கு முன் இதைச் சோதியுங்கள். வலை வாயில் ஓட்டமானி (உள்ளே போகும் நீரை அளக்கும் கருவி) கட்டுவது நல்லது. பதப்படுத்த 4 விழுக்காடு ஃபார்மலினில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை கரைத்துக்கொள்ளுங்கள். வெறும் ஃபார்மலினில் டாஃப்னியா உப்பி, முட்டைகள் வெளியே கொட்டிவிடும். மேலே சொன்ன முட்டைக் கணக்கே பாழாகும்.

கேள்வி: காலையில் பச்சைப் படலம், மாலையில் இல்லை. எது சரியான மாதிரி?

பதில்: மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். செல்லுக்குள் உள்ள வாயுக் குமிழ்களால் காற்று அடங்கிய நேரத்தில் மேலே மிதக்கும், காற்று அடித்தால் கலந்துவிடும். ஆகவே மேற்பரப்பில் மொள்ளாமல், பல ஆழங்களில் எடுத்துச் சம அளவில் கலந்து, எப்போதும் ஒரே நேரத்தில் எடுங்கள்.

கேள்வி: நைட்ரஜன் வருவதைத் தடுத்தால் நீலப்பச்சைப் பாசி அடங்குமா?

பதில்: அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒன்டாரியோவின் ஏரி 227க்கு 1969 முதல் உரம் இட்டுவந்தார்கள். 1975இல் நைட்ரஜனைக் குறைத்து, 1990இல் அதை நிறுத்தி, பாஸ்பரஸை மட்டும் தொடர்ந்தார்கள். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் இனங்கள் முன்னுக்கு வந்தன, பாசி பெருகுவது நிற்கவில்லை. எல்லா ஏரிக்கும் இது பொருந்துமா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் இருக்கிறது. ஆனால் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தாத திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: நீரின் உப்பைக் காட்டும் குளோரைடு அரசு வரம்புக்குள்தான் இருக்கிறது. கவலை வேண்டுமா?

பதில்: வேண்டும். நீண்டகால வரம்பு லிட்டருக்குக் கனடாவில் 120 மில்லிகிராம், அமெரிக்காவில் 230. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல இடங்களில் ஒரே முறையில் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான இடங்களில் இந்த வரம்புகளிலோ அதற்குக் கீழேயோ விலங்கு மிதவைகள் பாதியாகக் குறைந்தன. தின்பவர் குறைந்ததால் பல இடங்களில் பாசி கூடியது. உப்பு கூடினால் ஏறும் மின்கடத்துதிறனை மாதம் ஒருமுறையாவது அளந்து, ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நீர் சீரானால் பழைய கூட்டம் திரும்புமா?

பதில்: திரும்பும், ஆனால் உடனே அல்ல, போன வரிசையிலும் அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சினில் லிட்டில் ராக் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை பிஹெச் 6.1இலிருந்து 4.7 வரை படிப்படியாக அமிலமாக்கி, 1990க்குப் பிறகு தானாக மீள விட்டார்கள். வேதியியல் மீண்ட பிறகும் விலங்கு மிதவைகள் பின்தங்கின. முழு மீட்சிக்குப் பத்தாண்டு அளவு பிடித்தது.

திரும்பும் விதை சேற்றில் இருக்கிறது. டாஃப்னியாவின் உறங்கும் முட்டைகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். சோதிக்க, மேல் 2–3 செ.மீ. சேற்றை எடுத்து 4 டிகிரி குளிரில், இருட்டில் சில வாரம் வையுங்கள். பிறகு சலித்து, வடிகட்டிய ஏரி நீரில் 15–20 டிகிரியில், நாளுக்கு 16 மணி நேர வெளிச்சத்தில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை குஞ்சுகளைத் தேடுங்கள். தூர்வாரும் திட்டம் இருந்தால் இந்தச் சோதனையை முன்பே முடித்துவிட்டு, சில பகுதிகளை வாராமல் விடச் சொல்லுங்கள். மேல் சேறு மொத்தமும் போனால் அந்த முட்டைகளும் அதோடு போய்விடும்.