அந்தக் காலத்தில் சேலத்தில் ஒரு தறிக்காரர் தன் சொத்தைப் பிள்ளைகளுக்கு எப்படி விட்டுப்போவார்? உயில் எழுதுவாரா?

கேள்வி கேட்டவரின் பாட்டனார் சேலத்தில் தறி நெய்தவராம். வீட்டுப் பத்திரம் எதுவும் கையில் இல்லையாம். நான் சேலத்தில் குகை என்கிற பகுதிக்காரன், எங்களுடையதும் தறிக் குடும்பம்தான். எங்கள் கொள்ளுத்தாத்தா நாற்பதுகளின் கடைசியில் செய்துவைத்த பாகப்பிரிவினைப் பத்திரம் வீட்டில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உயில் எழுதியிருக்கலாம். ஆனால் பிதுரார்ஜிதச் சொத்துக்கு எழுதியிருக்க முடியாது. அப்பன் வழி வந்த சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு என்பதுதான் அன்றைய இந்துச் சட்டம். பிரிக்காத குடும்பத்தில் தன் பங்கைக்கூட ஒருவர் உயிலில் எழுதிவிட முடியாது. அதற்கு வழி வந்ததே 1956 வாரிசுச் சட்டத்தில்தான். எனவே 1956க்கு முந்தைய உயில் ஏதாவது கிடைத்தால், ‘என் சுயசம்பாத்தியத்தில் கிரயம் வாங்கி’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வரிமேல்தான் உயிலே நிற்கும்.

இன்னொன்று. 1927க்கு முன்னால் சேலம் மாதிரி வெளியூர்களில் இந்துக்கள் வாய்வார்த்தையாகச் சொன்ன உயிலும் செல்லும். படுக்கையில் கிடக்கிற பெரியவர் நாலு பேரைக் கூட்டி வைத்து, ‘இது பெரியவனுக்கு, அது சின்னவனுக்கு’ என்று சொன்னால் போதும். 1927 ஜனவரி 1 முதல்தான் எழுத்து, கையெழுத்து அல்லது கைநாட்டு, இரண்டு சாட்சி எல்லாம் கட்டாயமானது. மெட்ராஸ் பட்டணத்தில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அந்தக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆகவே உங்கள் பாட்டனாருக்கும் முந்தின தலைமுறை என்றால் காகிதமே இல்லாமலும் இருந்திருக்கலாம். யாரும் ஏமாற்றித் தொலைத்துவிட்டதாக அர்த்தமில்லை.

எங்கள் பக்கத்துத் தறி வீடுகளில் நான் அதிகம் பார்த்தது உயிலை அல்ல, பாகப்பிரிவினையைத்தான். பெரியவர் உயிரோடு, கண் பார்வையோடு இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிடுவார். எங்கள் பத்திரத்தில் சுவாரசியமான இடமே அதுதான். விலை, மதிப்பு எல்லாம் இரண்டே வரி. மீதி முழுக்க வீட்டை எப்படி வெட்டுவது என்பதுதான். குழித்தறி வீடு என்றால் தரையில் பள்ளம் பறித்து, நெய்பவர் அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிப்பார். தறியின் மரச்சட்டத்தைக் கழற்றி எடுத்துப் போகலாம், குழியை எடுத்துப் போக முடியுமா? அதனால் குழி இருக்கிற இடம்தான் பங்கு. எங்கள் வீட்டில் இரண்டு குழி. இரண்டுக்கும் நடுவே கிழமேலாகச் சுவர் எழுப்பி, வடபாகம் மூத்தவருக்கு, தென்பாகம் நடு மகனுக்கு. தென்பாகத்துக் குழிக்கு வெளிச்சம் போதாது என்பதால் கூரையில் கண்ணாடி ஓடு பதிக்கும் செலவை மூத்தவர் ஏற்க வேண்டும் என்று ஒரு வரி. பத்திரத்தில் ஓட்டுச் செலவு வரை எழுதுவார்களா என்று முதல் தடவை படித்தபோது சிரிப்பாக இருந்தது. வெளிச்சம் இல்லாவிட்டால் அறுந்த இழை கண்ணில் படாது, சேலையில் குறை விழும், கூலியில் பிடிப்பார்கள் என்று அப்பா விளக்கிய பிறகுதான் புரிந்தது.

அதற்கப்புறம் கிணறு. கிணறு பொது, நடை பொது, இருவரும் ‘தடங்கலின்றி’ வந்துபோக வேண்டியது, நடையில் யாரும் சாமான் போடக்கூடாது. வீதியில் பாவு (தறிக்கு நீளவாக்கில் போகிற நூல்) நீட்டும்போது ஒருவருக்கொருவர் இடைஞ்சல் செய்யக்கூடாது என்றும் இருக்கிறது. வீதி முனிசிபாலிட்டிக்குச் சொந்தம், அதைப் பிரிக்க இவர் யார் என்று கேட்கக் கூடாது. காலையில் யார் முதலில் பாவு போடுவது என்பதுதான் அண்ணன் தம்பிக்குள் அன்றாடச் சண்டை. அதைத் தீர்க்காமல் சுவரை மட்டும் எழுப்பி என்ன பயன்?

மூன்றாவது மகன், எங்கள் சின்னத் தாத்தா, தறியில் உட்காரவில்லை, ரயில்வேக்குப் போய்விட்டார். அவருக்குக் குழி எதற்கு? தாதகாப்பட்டிப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த காலி மனையும் கொஞ்சம் ரொக்கமும். அப்போது அவர் வீட்டில் முகம் சுளித்தார்களாம். இன்றைய விலைக்கு அந்த மனைதான் மூன்று பங்கிலும் பெரிசு.

தறிச் சாமான் எதுவும் பத்திரத்தில் இல்லை. அச்சு, நாடா, பாவு உருளை எல்லாம் கூர்ச்சீட்டு என்று தனியாக ஒரு தாளில் எழுதி, பெரிய மனுசர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதிவு செய்யவில்லை, அசையும் சாமானுக்கு அது தேவையும் இல்லை. நூல் கொடுத்த முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருந்தால் அதுவும் பங்கில் வரும். சொத்து மாதிரியே கடனையும் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் பங்குத்தொகை நாமினிக்குப் போகும். கோ-ஆப்டெக்ஸின் தாய்ச் சங்கம் 1935ல் வந்தது, எனவே உங்கள் பாட்டனார் ஏதாவது நெசவாளர் சங்கத்தில் இருந்தாரா என்று விசாரித்துப் பார்க்கலாம்.

பெண்கள் விஷயம்தான் எனக்கு நெருடல். தார் (குறுக்கு நூல் கண்டு) சுற்றியது, பாவுக்குக் கஞ்சி போட்டது எல்லாம் வீட்டுப் பெண்கள். பத்திரத்தில் மகள்களுக்குப் பங்கு கிடையாது. கல்யாணம் ஆகாத கடைசி மகளின் கல்யாணச் செலவை அண்ணன்கள் மூவரும் ஏற்பது என்பதோடு சரி. அன்றைய சட்டமும் அதுதான். தமிழ்நாட்டில் 1989ல்தான், அதுவும் அந்தத் தேதியில் கல்யாணம் ஆகாத மகள்களுக்கு மட்டும், கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு வந்தது. எல்லா மகள்களுக்கும் வந்தது 2005ல்.

ஆனால் கொள்ளுப்பாட்டிக்குத் தெரு ஓர முன்னறையை ‘ஜீவனாம்சத்துக்காக ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ள, விக்கிரயம் செய்யப் பாத்தியமில்லாமல்’ என்று விட்டிருந்தார்கள். அவர் காலத்துக்குப் பிறகு மகன்களுக்கு வர வேண்டும். நடந்தது வேறு. 1956 சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஜீவனாம்ச உரிமைக்காகப் பெண்ணின் கையில் இருந்த இந்த மாதிரிச் சொத்தை முழு உரிமையாக்கிவிட்டது. சுப்ரீம் கோர்ட் 1977ல் துளசம்மா வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பாட்டி யாரிடமும் கேட்காமல் அந்த அறையைத் தன் மகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி ரிஜிஸ்தர் செய்துவிட்டார். பெரிய ரகளை. வக்கீல் பத்திரத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு, கேஸ் போட்டால் ஸ்டாம்பு காசுதான் நட்டம் என்று திருப்பி அனுப்பினாராம். எனக்கு அந்தக் கிழவியை ரொம்பப் பிடிக்கும்.

உங்கள் விஷயத்துக்கு: வீடு எந்தச் சார்பதிவாளர் எல்லையில் வருகிறதோ அங்கே வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போடுங்கள். ஆன்லைனில் இல்லாத பழைய வருடங்களுக்கு நேரில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். எந்த வருடம் என்று தெரியாவிட்டால் தேடுதல் கட்டணம் வருடக் கணக்கில் ஏறும், ஆகவே பாட்டனார் இறந்த வருடத்தையாவது முதலில் உறுதிப்படுத்துங்கள். ஆவண எண் கிடைத்தால் நகல் கேட்கலாம். மாநகராட்சி வீட்டு வரி ரசீதில் பெயர் மாறிய வருடமும் நல்ல துப்பு, பெரும்பாலும் பிரிவினை அதை ஒட்டித்தான் நடந்திருக்கும். நகல் வந்ததும் கடைசிப் பக்கத்துத் தபசிலில் (சொத்து விவரப் பகுதியில்) இருந்து ஆரம்பியுங்கள். ஜாதியடிக் கணக்கும் (நீள அகல அளவு) நான்கு எல்லையும் அங்கேதான் இருக்கும், அதை டவுன் சர்வே நம்பரோடு ஒத்துப் பார்க்கலாம்.