வாசகர் கேள்விகள்: ஊர்க் கதைகளுக்கு ஒரு சிற்றிதழ்

கேள்வி: எங்கள் வட்டாரத்துக் கதை, பாட்டு, வரலாறு இவற்றுக்காக ஒரு காலாண்டிதழ் தொடங்கியிருக்கிறோம். இளைஞர்கள் ஆர்வமாக எழுதி அனுப்புகிறார்கள். ஆனால் எந்தக் கதையைப் படித்தாலும் பள்ளிப் பாடம் மாதிரியே இருக்கிறதே, ஏன்? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதுகிறார்கள். கதை நினைவில் நிற்கும், சொன்னவர் பேச்சு நிற்காது. அந்த இடத்தில் பாடப்புத்தகத் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒலிப்பதிவு இல்லாத கதையைப் புனைவுப் பகுதியில் போடுங்கள், 'பதிவு' என்று போடாதீர்கள்.

பதிவுக்குக் கைபேசியே போதும். ஏரோபிளேன் மோடில் வையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வரும் ஓர் அழைப்பில் பதிவு அறுந்துபோகும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடித்த துண்டின்மேல், சொல்பவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். தேதி, ஊர், அவர் பெயர், யாரிடம் கேட்ட கதை, அச்சிடச் சம்மதம், இவை எல்லாம் முதலிலேயே அவர் குரலில் பதிவாகட்டும். பிறகு குறுக்கே பேசாதீர்கள். 'இது நிஜமாகவே நடந்ததா?' என்று பாதியில் கேட்டால் அந்தக் கணமே கதை நின்று விளக்கம் தொடங்கிவிடும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். 'அவுக' என்றதை 'அவர்கள்' ஆக்க வேண்டாம். வெளியூர் வாசகருக்குப் புரியாத சொற்களுக்குக் கதையின் முடிவில் பொருள் தந்தால் போதும். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு ஒரு சொல்லகராதியே தொகுத்தார். இதழுக்கு இதழ் நீங்கள் சேர்க்கும் சொற்களும் நாளைக்கு அப்படி ஒரு தொகுப்பாகலாம்.

ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சாவு இல்லாத வீட்டில் பாடினால் ஆகாது என்று பலர் மறுப்பார்கள். வயல்காடு, கண்மாய்க்கரை என்றால் சிலர் சம்மதிப்பார்கள். வில்லுப்பாட்டைக் கோயில் கொடைவிழாவில் பதியும்போது ஒலிபெருக்கிக்கு அருகே உட்கார வேண்டாம். குடம் தட்டும் ஓசையில் சொற்கள் அமுங்கிவிடும். பாட்டில்லாமல் வரிகளை மட்டும் சொல்லச் சொன்னால் பாடகருக்கே பல அடிகள் விட்டுப்போகும். ஆகவே மறுநாள் பதிவைப் போட்டுக் காட்டி, அவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.

கேள்வி: ஒரே கதையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எதைப் போடுவது? (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: ஒன்றை முழுதாகப் போட்டு, மற்றது எங்கே விலகுகிறது என்று கீழே குறியுங்கள். இரண்டையும் கலந்து 'நல்ல' கதையாக்குவதுதான் பெரிய கேடு. உங்கள் பக்கத்து வில்லுப்பாட்டுக் கதையான முத்துப்பட்டன் கதையையே பாருங்கள். பிராமணனான பட்டன், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். அந்தப் பெண்களும் பிறப்பால் பிராமணர்களே, காட்டில் விடப்பட்ட குழந்தைகள் என்று சொல்லும் வடிவமும் உண்டு. சாதி மீறிய திருமணத்தைப் பொறுக்காத கைகள் சேர்த்த அடிகள் அவை. இரண்டையும் கலந்திருந்தால் இந்த வரலாறே தெரியாமல் போயிருக்கும். கதை எங்கே மாறியது, ஏன் மாறியது என்பதும் வட்டார வரலாறுதான்.

கேள்வி: ஊர்க் கோயிலுக்கு ஆயிரம் வயது என்கிறார்கள். அப்படியே எழுதலாமா? (புதுக்கோட்டை வாசகர்)

பதில்: 'ஊரார் சொல்வது' என்று எழுதலாம். ஆண்டு போட வேண்டுமென்றால் கல்வெட்டைப் பாருங்கள். புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929இலேயே அச்சாகிவிட்டன. மற்ற வட்டாரத்தார் 1887 முதல் வெளிவரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர்ப் பெயரைத் தேடலாம். பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'கோப்பரகேசரிக்கு யாண்டு ஐந்து', அதாவது பரகேசரி மன்னனின் ஐந்தாம் ஆட்சியாண்டு என்று மட்டும் இருந்தால் காலம் தெரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைச் சோழர்கள் மாறி மாறிச் சூடினார்கள். முதலாம் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி, முதலாம் இராசேந்திரனும் பரகேசரி. 'மதுரை கொண்ட' என்ற அடைமொழி வந்தால் பராந்தகன். அரசனின் புகழைச் சொல்லும் தொடக்க வரிகளான மெய்க்கீர்த்தி இருந்தால் இன்னும் உறுதி. படம் எடுக்க எண்ணெயோ மாவோ தடவாதீர்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானே எழுந்து நிற்கும். வெயில் படாத சுவரென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

கேள்வி: இதழின் பெயரைப் பதிவு செய்வது, அச்சிடுவது இவற்றில் என்ன கவனிக்க வேண்டும்? (ஈரோடு வாசகர்)

பதில்: பருவ இதழ்ப் பதிவுக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, விண்ணப்பம் இணையவழியே. இந்தியாவில் எங்காவது தமிழில் வேறொருவர் அதே பெயரிலோ ஒத்த பெயரிலோ இதழ் வைத்திருந்தால் உங்களுக்கு அந்தப் பெயர் கிடைக்காது. தமிழ்நாட்டில் வேறு மொழியில் இருந்தாலும் அப்படியே. எனவே மாற்றுப் பெயர்களும் கைவசம் இருக்கட்டும்.

டெம்மி என்ற தாள் அளவில் 16 பக்கம் ஒரு பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) என்றால் 64 பக்கம் நான்கு பாரம். 70 பக்கம் வந்தால் குறைத்து 64 ஆக்குங்கள், அல்லது 80க்கு நிரப்புங்கள். நடுப்பின் அடிக்கும் இதழில் உள்தாள்கள் வெளியே பிதுங்கும். ஓரம் வெட்டும்போது எழுத்து போகாமலிருக்க வெளி ஓரத்தில் அரை அங்குலமாவது விடுங்கள். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கட்டுரைகளில் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும், எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பாட்டு வரிகளை வடிவமைப்பாளர் உரைநடை போல ஒட்டவிட்டிருக்கிறாரா என்பதையும் மெய்ப்பிலேயே பார்த்துவிடுங்கள். வரி முறிந்தால் பாட்டின் தாளம் தெரியாது.