டென்ட் இருக்கிறது, காட்டில் எங்கே போடலாம்?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், புது டென்ட் வாங்கியிருக்கிறோம். மார்ச் மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, ஒரு ராத்திரி தங்கி, நாங்களே சமைத்துச் சாப்பிட ஆசை. எங்கே போகலாம்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: மார்ச்சில் மட்டும் வேண்டாம். அந்த மாதம் சரிவுகளில் போதைப்புல் என்கிற மலைப்புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும், கையில் கசக்கினால் தூளாகிவிடும். அதில் பிடிக்கிற தீ சரிவில் மேல்நோக்கி ஏறும்போது, அடுத்திருக்கும் புல்லையும் முன்கூட்டியே சுட்டுக் காயவைத்துக்கொண்டே போகும் என்பதால், மூச்சு வாங்க ஏறுகிற மனிதரைச் சுலபமாகப் பிடித்துவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் அப்படிச் சிக்கித்தான் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீக்காலத்தில் வனத்துறை பாதையை மூடினால் தயவுசெய்து குறுக்குவழி தேடாதீர்கள். தவிர, சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அப்புறம் எங்கே டென்ட் போடுவது, அடுப்பு மூட்டுவது?

ராத்திரி காட்டில் தங்கியே ஆக வேண்டுமா? அகத்தியர்கூடம் போங்கள், நம் பொதிகை மலைதான், 1,868 மீட்டர். ஜனவரியில் சீசன் தொடங்கும், கேரள வனத்துறையிடம் முன்பதிவு செய்ய வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலிருந்து நாள் முழுக்க நடந்தால் அதிருமலை முகாம், இரவு அங்கே, மறுநாள் உச்சி. கடைசிப் பாறையில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். 2019 முதல் பெண்களும் உச்சிவரை போகிறார்கள். டென்ட் தேவைப்படாது.

பகல் நடை போதும் என்றால் 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' மலையேற்றத் திட்டம் இருக்கிறது, 40 பாதைகள். மலைவாழ் மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள், அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. பாதையில் கிடக்கும் யானை லத்தியைப் பார்த்ததும் அது காலையில் போட்டதா, இப்போதுதான் போட்டதா என்று சொல்லிவிடுவார்கள். வழிகாட்டி நின்றால் நில்லுங்கள், பேசாதீர்கள், போனை எடுக்காதீர்கள்.

கேள்வி: அட்டை கடித்தால் உப்பா, மூக்குப்பொடியா? (வாசகி, தென்காசி)

பதில்: கடித்த பிறகு இரண்டும் வேண்டாம். பிடித்து இழுக்கவும் வேண்டாம். அதன் வாய்ப்பக்கம் நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடியை விட்டுவிடும், மறுமுனையையும் அப்படியே எடுத்துவிடலாம். ரத்தம் உறையாதபடி ஒரு பொருளை அது உள்ளே விட்டிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் கசியும். கழுவித் துணியால் அழுத்திப் பிடியுங்கள், சரியாகிவிடும்.